ஒத்திக்கு இருக்கிறவர்கள்

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்த டைரி பேப்பர் சப்ளை செய்கிறவர் புது வருடத்துக்குக் கொடுத்தது. டோனர் எப்போது மாற்றினேன், மிஷின் எப்போது மக்கர் செய்தது என்று மட்டும்தான் எட்டு மாதமாக இதில் எழுதி வந்தேன். இன்று வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் காம்பவுண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. பத்திர ஆபீசுக்கு எதிரே பதினான்கு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். இந்த மாதிரி நோட்டீசை எத்தனையோ பேருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எழுத்தைப் படிக்கவே வேண்டாம், கட்டம் போட்டிருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கடன் கட்டாத வீட்டை பேங்க் எடுத்துக்கொள்ளும் சுவாதீன அறிவிப்பு. பாவம், யார் வீடோ என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது, அது எங்கள் கேட்.

திரும்பி வந்து படித்தேன். கடன்தாரர் பிரின்ஸ், ஜாமீன்தாரர் எஸ்தர். மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கார அக்காவும் அவர் மகனும். கீழே கதவு எண் சரியாகத்தான் இருந்தது. அதையும் இரண்டு தடவை பார்த்தேன்.

ரசத்தை மட்டும் குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

எஸ்தர் அக்கா இன்றும் கீழே இறங்கவில்லை. மோட்டார் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் சோலைமலை, ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அஞ்சு லட்சமும் போச்சா?" என்றார்.

நாங்கள் இந்த வீட்டுக்கு ஒத்திக்கு வந்தவர்கள். மதுரையில் இது சகஜம். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வந்துவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் நகையையும் இவருடைய பழைய வேனையும் விற்றுக் கொடுத்த பணம் அது. எங்களுக்கு இருக்கிற ஒரே சேமிப்பு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை முத்திரைத்தாளில் புதிதாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். பதிவு செய்ததில்லை. "எதுக்குக்கா செலவு, நமக்குள்ள" என்று சொன்னவள் நான்தான்.

இன்று கடையில் கூட்டம் குறைந்ததும் இந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஊரெல்லாம் வந்து என்னிடம் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போகிறது. குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள், என்னை என்ன சொல்ல! பேங்கில் பத்திரத்தை அடகு வைத்தது இரண்டு வருடத்துக்கு முன்னால்தான், அதற்கு முன் வேறு அடகு எதுவும் இல்லை. நாங்கள் குடிவந்து பதினோரு வருடம். அப்படியானால் நமக்கு ஏதோ பிடிமானம் இருக்கிறது என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை இப்போது எழுத வேண்டாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடைசியில் அக்காவே இறங்கி வந்தார். ஒரு வாரத்தில் முகம் பாதியாகிவிட்டது. அறுபத்து மூன்று வயது, கணவரும் இல்லை, சர்க்கரை வேறு. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது கனகு?"

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பிரின்ஸ் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்ததும், வீட்டை வைத்துக் கடன் வாங்கியதும் எனக்குத் தெரிந்ததுதான். கம்பெனி படுத்துவிட்டது, ஒன்றரை வருடமாகத் தவணை கட்டவில்லை என்பது தெரியாது. அக்காவுக்கே பேங்கிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். "மூணு மாசத்துல அடைச்சிருவேம்மானு சொன்னான். அந்தப் பேச்சை நம்பி உன்கிட்ட மறைச்சுட்டேன்" என்று அழுதார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சர்க்கரை போடாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வக்கீல் ரஹ்மத் நிஷா கடைக்கு வந்தார். வாரம் இரண்டு தடவை கட்டு கட்டாகக் காப்பி எடுக்க வருகிறவர். இன்று அவருடைய கட்டை ஓரமாக வைத்துவிட்டு என் கதையைச் சொன்னேன்.

"நோட்டீஸை கிழிச்சுட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நல்லது. கிழிச்சாலும் அவங்க போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க, தேதிதான் நமக்குத் தெரியாமப் போகும். ஒட்டுன நாள்ல இருந்து நாப்பத்தஞ்சு நாளைக்குள்ள கடன் தீர்ப்பாயத்துல மனு போடணும். பேங்குக்கு அடகு வைக்கிறதுக்கு முன்னாடியே நீங்க குடியிருந்தீங்கன்னு காட்ட என்னென்ன இருக்கோ எல்லாம் எடுத்துட்டு வாங்க. பதிவு பண்ணாத ஒத்திக்குப் பலம் கம்மிதான். ஆனா குடியிருக்கிறவங்கன்னு நிரூபிச்சா, நினைச்ச மாத்திரத்துல வெளிய தள்ளிப் பூட்ட முடியாது. டைம் கிடைக்கும். பணத்தைப் பத்திப் பேசவும் வழி பிறக்கும்."

எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து கேட்டார். "லோன் குடுக்கும்போது பேங்குல இருந்து யாராச்சும் வந்து உங்களை விசாரிச்சாங்களா?"

"இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தேன். கேஸ் சிலிண்டர் புத்தகம், ரேஷன் கார்டு, எல்ஐசியிலிருந்து வந்த கவர்கள், பழைய கரண்டு பில், எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு. எல்லாவற்றிலும் இந்த முகவரிதான். டிஸ்சார்ஜ் சீட்டில் உடனிருப்பவர் என்ற இடத்தில் எஸ்தர் என்று இருக்கிறது. அதை மட்டும் மேடத்துக்குக் கொடுக்கும் கட்டோடு சேர்க்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு மிக்ஸி கூடப் போட முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. அக்கா அவசரமாக இறங்கி வந்தார். "கனகு, பேங்குல இருந்து வீட்டைப் பாக்க வர்றாங்களாம். ஒத்திக்கு ஆள் இருக்குன்னா லோன் தர யோசிப்பாங்கன்னு பிரின்ஸ் சொல்றான். நீங்க நம்ம சொந்தம்னு மட்டும் சொல்லிரு, என்ன?"

"அதுக்கென்னக்கா" என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வந்தவர் சின்ன வயசு ஆபீசர். வெயிலில் வேர்த்துப்போய் வந்திருந்தார். காப்பி கொடுத்தேன். மாடியில் சிலுவையைப் பார்த்துவிட்டு வந்தவர், எங்கள் வீட்டில் முருகன் படத்தைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். "நீங்க எப்படிம்மா அவங்களுக்குச் சொந்தம்?"

தெரியாது சார் என்று முழித்திருந்தால் கூடப் போதும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எங்க வீட்டுக்காரரு அக்காவோட சித்தப்பா மகன் சார். எங்க மாமனார் இந்துப் பொண்ணைக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டாரு. லவ் மேரேஜ்" என்று ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டேன். பின்னால் நின்ற அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆபீசர் ஒரு தாளில் ஏதோ எழுதி நீட்டினார். வாடகையோ முன்பணமோ இல்லாமல் உறவு முறையில் தங்கியிருக்கிறோம் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் கேட்காமலேயே அடியில் 'உறவினர்' என்று வேறு எழுதினேன். அவர் போன பிறகு நானும் அக்காவும் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

இதை இவரிடம் இதுவரை சொன்னதில்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அக்கா கேட்டதற்காக மட்டும் நான் அதைச் செய்யவில்லை. நானும் இவரும் வேறு வேறு சாதி. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அருப்புக்கோட்டையில் என் அண்ணன், மேலூரில் இவருடைய ஆட்கள், யாரும் எங்கள் வாசலை மிதித்ததில்லை. பிள்ளையும் இல்லை. ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பன்னிரண்டு நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவர் எஸ்தர் அக்கா. அந்தத் தாளில் உறவினர் என்று எழுதும்போது பொய் எழுதுகிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆசையாக எழுதினேன். அந்த ஆசை இப்போது எங்களைத் தெருவில் நிறுத்தப்போகிறது.

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் இவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் மாடிப்படிக்கு அங்கிட்டு டயரைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு."

"அப்ப வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கப்பனுக்கு நீ ஒரு லவ் மேரேஜே பண்ணி வச்சுட்ட. நான் குறுக்க வந்து கல்யாணத்தைக் கெடுக்க முடியுமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி சொன்னார். "கேக்க நல்லா இருந்துச்சு கனகு. நமக்கும் ஒரு சொந்தம் இருக்குன்னு. அதான் சும்மா இருந்துட்டேன்."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிஷினுக்குச் சந்தனம் வைத்தேன். உன்னால் ஆன உதவியைச் செய் என்று அதனிடம் கேட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 6, திங்கள்

நிஷா மேடத்திடம் உண்மையைச் சொன்னேன். மூன்று வாரம் வீணாக்கிவிட்டேன் என்று திட்டினார். திட்டி முடித்துவிட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நான் காலையில் சாப்பிடவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்ததாம்.

"கனகாக்கா, இதுதான் பேங்கோட துருப்புச் சீட்டு. இவங்க குடியிருக்கிறவங்களே இல்ல, சொந்தக்காரங்க, சும்மா தங்கியிருக்காங்கன்னு நீங்களே எழுதின தாளைக் காட்டுவாங்க. ரேஷன் கார்டு பதினோரு வருஷம் இருந்ததைச் சொல்லும், ஒத்திக்கு இருந்ததைச் சொல்லாது. நம்ம முத்திரைத்தாளைப் பாத்துட்டு, இது நேத்து உக்காந்து எழுதினதுன்னு சொல்லுவாங்க."

"வேற வழி?"

"அந்தம்மா வந்து சொல்லணும். பணம் வாங்கினேன், இவங்க ஒத்திக்கு இருக்காங்க, பொய் சொல்லச் சொன்னது நான்தான்னு சத்தியப்பிரமாணம் குடுக்கணும். ஆனா, வீட்டுல யாரும் குடியில்லன்னு அவங்களும் பேங்குக்கு எழுதிக் குடுத்திருப்பாங்க. இப்ப மாத்திச் சொன்னா ஏமாத்துனாங்கன்னு அவங்க மேலயே புகார் வரலாம். சொல்லுவாங்களா?"

அதை எஸ்தர் அக்காவிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கேட்கத்தான் மாடி ஏறினேன். அக்கா போனை ஸ்பீக்கரில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பிரின்ஸ் குரல். நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"அவங்க எழுதிக் குடுத்தது அவங்க பாடும்மா. நீங்க வாயைத் தொறந்தா உங்களை உள்ள வச்சிருவாங்க. அப்புறம் நான் உயிரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"சரிப்பா, சரிப்பா" என்றார் அக்கா.

அந்த 'சரிப்பா' என்னை என்னவோ செய்துவிட்டது. உள்ளே போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "நீங்க பெத்த பிள்ளைக்கு எங்களை பலி குடுத்துட்டீங்க. சொந்தம் சொந்தம்னு சொல்லி வாயை அடைச்சே ஏமாத்திட்டீங்க" என்றேன். இன்னும் ஒன்றிரண்டு சொன்னேன், அதை எழுத மாட்டேன்.

நான் மூச்சு வாங்கி நின்ற இடைவெளியில் அக்கா, "சாப்டியா கனகு?" என்று மட்டும் கேட்டார். கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

மனு போட்டாகிவிட்டது. நாற்பத்து மூன்றாவது நாள். கேஸ் புத்தகத்தில் ஆரம்பித்து இருநூற்றுப் பதினோரு பக்கம். எல்லாம் என் மிஷினில் எடுத்த காப்பிதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கும் அதிரசமும் செய்தேன். மாடிக்குத் தட்டு அனுப்புவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். காலை பத்து மணிவரை அந்த வைராக்கியத்தில் இருந்தேன். பிறகு இவரே தட்டை எடுத்துக்கொண்டு ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார்.

"பூட்டியிருக்கு."

திருப்பூருக்குப் போய்விட்டாராம். நாங்கள் துணி எடுக்கப் போயிருந்தபோது ஒரு பையோடு கிளம்பியதை எதிர்வீட்டில் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி வர மாட்டார் என்றே பட்டது. அதிரசம் முழுதும் டப்பாவில் கிடக்கிறது, தொடப் பிடிக்கவில்லை.

நவம்பர் 5, புதன்

கோர்ட் நியமித்த கமிஷனரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி வந்து வீட்டைப் பூட்டுவார்கள். எங்கள் மனு பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு வருகிறது. அன்று தடை கிடைக்காவிட்டால் எட்டு நாளில் நாங்கள் வெளியே. வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கூடக் கையில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

விடாத மழை. துணி காயவில்லை. வேன் லீவு என்பதால் இவர் வீட்டில் இருந்தார். நான் சமையற்கட்டில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டு யாரிடமோ போனில் பேசினார்.

"இல்லக்கா, அதுக்குப் பண்ணல. இருபத்தேழாம் தேதி பூட்டப்போறாங்களாம். உங்க சாமானெல்லாம் மாடியிலயே இருக்கு. உங்க வீட்டுக்கார அண்ணன் போட்டோவும் சுவத்துலதான் மாட்டியிருக்கு. எடுத்துப் பத்திரமா வைக்கணும்னா சாவியைக் குடுத்து விடுங்க. ஆமா... அவ நல்லா இருக்கா. ஆமா, சாப்புடுறா."

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

நாளை விசாரணை. நல்ல சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

இவருக்கு ஸ்கூல் டிரிப் இருந்தது, நான் தனியாகத்தான் போனேன். எங்கள் பெயரைக் கூப்பிடப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பேங்க் வக்கீல் எழுந்ததும் நான் பயந்த தாளைத்தான் முதலில் நீட்டினார். என் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. "இவர்கள் வாடகைதாரரே அல்ல, உரிமையாளரின் நெருங்கிய உறவினர்கள். கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார்.

அப்போது நிஷா மேடம், வீட்டின் உரிமையாளரே சத்தியப்பிரமாணம் தாக்கல் செய்திருக்கிறார், நேரிலும் வந்திருக்கிறார் என்றார். திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து எஸ்தர் அக்கா எழுந்து வந்தார். வெள்ளைச் சேலை. என் பக்கம் பார்க்கவே இல்லை. போன வாரமே மேடத்தைத் தேடி வந்து எழுதிக் கொடுத்தாராம். என்னிடம் சொன்னால் என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துவிடும் என்று மேடம் மறைத்துவிட்டார்.

நீதிபதி கேட்டார். "இவங்க உங்களுக்கு என்ன சொந்தம்மா?"

"ஒரு சொந்தமும் இல்லைங்கய்யா. என் வீட்டுல பதினோரு வருஷமா ஒத்திக்கு இருக்கிறவங்க. அஞ்சு லட்சம் வாங்கியிருக்கேன். பேங்குக்கு மறைச்சது நான். சொந்தம்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

"நீங்க சொல்றது உங்களுக்கு எதிராவே திரும்பும். தெரியுமா?"

"தெரியும்யா. வக்கீலம்மா சொன்னாங்க. எம்மகனும் சொன்னான்."

பேங்க் வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். சொந்தக்காரர்களைக் காப்பாற்ற வயதானவர் இரக்கப்பட்டுப் பேசுகிறார் என்றார். பிறகு அக்காவிடமே திரும்பினார். "ஒரே காம்பவுண்டுல பதினோரு வருஷம். ஒரு ஒட்டுதலும் இல்லையாம்மா?"

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் வீட்டுக்காரி. அவ குடியிருக்கிறவ. அம்புட்டுதான். மோட்டார் போடுறதுக்கே தினம் தகராறு. போன மாசம் என் வீட்டுக்குள்ள வந்து வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போனா. சொந்தக்காரி யாராச்சும் அப்படிப் பேசுவாளா? எனக்கு அவ யாரும் இல்லங்கய்யா. எழுதிக்கோங்க."

நான் அழுதுவிட்டேன். சத்தம் போட்டு, சாவு வீட்டில் அழுகிற மாதிரி. கோர்ட் உதவியாளர் வந்து அதட்டும்வரை நிறுத்த முடியவில்லை. என்னைத் தனக்கு யாருமில்லை என்று ஒருவர் சொன்னதற்கு இப்படி வலிக்கும் என்றும், அதே வார்த்தைக்காக அவர் காலில் விழத் தோன்றும் என்றும் எனக்குத் தெரியாது.

இருபத்தேழாம் தேதி பூட்டக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. இது முடிவு இல்லை, மூச்சு விடக் கொஞ்சம் நேரம் என்றார் நிஷா மேடம். ஏலத்துக்குப் போகும் முன் பேங்க் சம்மதத்தோடு வீட்டைத் தானே விற்று, கடனை அடைத்து, எங்கள் பணத்தையும் கொடுத்துவிடுவதாக அக்கா எழுத்தில் கொடுத்திருக்கிறாராம். அக்காவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பிரின்ஸ் பேசுவதை நிறுத்திவிட்டானாம், அக்கா மாடிக்கே திரும்பி வருகிறாராம்.

வெளியே மரத்தடி பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் காலை எடுத்து வைத்ததும் மேடம் கையைப் பிடித்து நிறுத்தினார். "போகாதீங்க. பேங்க் ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. கேஸ் முடியிற வரைக்கும் பொது இடத்துல நீங்க ரெண்டு பேரும் யாரோ யாரோதான்."

பஸ் ஸ்டாப்பில் பத்தடி தள்ளி நின்றோம். ஒரே பஸ்தான் வந்தது. அக்கா முன்னால் ஏறினார், நான் பின்னால். எனக்குப் பின்னாலேயே பேங்க் வக்கீலின் குமாஸ்தாவும் ஏறிவிட்டார், பாவி. மகளிர் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "எத்தனை பேரும்மா?" என்றார். "ஒண்ணு" என்றேன்.

அக்காவுக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார். பெரியார் நிலையம் தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். பின்கழுத்தில் ஜாக்கெட் தையல் விட்டிருந்தது. போன தடவை தைத்துக் கொடுத்தவள் நான்தான், அவசரத்தில் ஒற்றைத் தையல் போட்டிருக்கிறேன். எங்கள் ஸ்டாப் பழங்காநத்தம் நெருங்கியது. எழுப்பாவிட்டால் கடைசி ஸ்டாப்புக்குப் போய்விடுவார். குமாஸ்தா எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோளை இரண்டு விரலால் தொட்டேன். "ஏங்கம்மா, எங்க எறங்கணும் நீங்க? பழங்காநத்தம் வந்துருச்சு."

அக்கா விழித்துத் திரும்பி என்னைப் பார்த்தார். "ரொம்ப நன்றிம்மா" என்றார், முன்னப்பின்ன தெரியாத ஒருத்தியிடம் சொல்வதுபோலவே. சொல்லிவிட்டு எழுந்து முன் வாசல் வழியாக இறங்கினார். நான் பின் வாசல் வழியாக இறங்கினேன்.